பட்டினி உடம்புக்குப் படியளப்பது யார்?

ஆடி மாதம் வந்துவிட்டால் சங்கரன்கோவிலில் கூட்டம் அலைமோதும். தென்காசி மாவட்டத்தில் உள்ள இந்த ஊரின் சங்கரநாராயணர் கோவிலில் அப்போது ஆடித் தபசு விழா. கொடி ஏறிய நாள் முதல் பெண்களும் ஆண்களும் கோவிலைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். இதற்கு "ஆடிச் சுற்று" என்று பெயர். ஒரு சுற்று, இரண்டு சுற்று அல்ல. நூற்றுக்கு மேல் சுற்றுகிறவர்களும் உண்டு. கோமதி அம்மன் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்கிறாள், அந்தக் கால் நோவில் நாமும் கொஞ்சம் பங்கு வாங்கிக் கொள்கிறோம் என்பது பக்தர்களின் நம்பிக்கை.

இப்படிச் சுற்றுகிறவர்களில் விரதம் இருப்பவர்களும் உண்டு. தண்ணீரோ மோரோ குடித்திருப்பார்கள். வேறு ஆகாரம் இல்லை. வயிறு காலி. ஆனால் கால் நடக்கிறது. இதயம் அடிக்கிறது. எத்தனையாவது சுற்று என்று மனம் கணக்கு வைத்துக் கொள்கிறது. தொட்டுப் பார்த்தால் உடம்பு வழக்கமான சூட்டோடுதான் இருக்கிறது.

விறகு வைக்காத அடுப்பில் உலை கொதிக்குமா? கொதிக்காது. அப்படியானால், சாப்பிடாத உடம்புக்கு விறகு எங்கிருந்து வருகிறது? அதை எடுத்துக் கொடுப்பது யார்? இவ்வளவு போதும், இவ்வளவு வேண்டும் என்று அளந்து பார்ப்பது யார்?

இந்த வேலையில் பெரும்பங்கு நம் நரம்புகளுடையது. நமக்குத் தெரியாமலே, நம்மைக் கேட்காமலே, இரவும் பகலும் அவை உடம்புக்குப் படியளந்து வருகின்றன. எப்படி என்று பார்ப்போம்.

அணையாத அடுப்பு

நாம் சோறு சாப்பிடுகிறோம். இட்லி, தோசை, கூழ், களி எதுவானாலும் சரி, வயிற்றிலும் குடலிலும் ஜீரணமாகி, அதன் மாவுச்சத்து கடைசியில் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் சேருகிறது. ரத்தம் அதை உடம்பு முழுவதும் கொண்டு போகிறது. நாம் மூச்சில் இழுக்கும் பிராணவாயுவைக் கொண்டு உடம்பு அந்தச் சர்க்கரையை எரிக்கிறது. சூடும் பலமும் அதிலிருந்து கிடைக்கின்றன. மிஞ்சியது சேமிப்பாகிறது. தேய்ந்த இடம் பழுது பார்க்கப்படுகிறது. இந்த வேலை முழுவதையும் சேர்த்து "வளர்சிதை மாற்றம்" என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்லும். வளர்வதும் உண்டு, சிதைவதும் உண்டு. அதனால் அந்தப் பெயர்.

இந்த அடுப்பு ஒரு நிமிஷம்கூட அணைவதில்லை. 60 கிலோ எடையுள்ள ஒருவர் நாள் முழுவதும் சும்மா படுத்திருந்தாலும், ஏறத்தாழ 1,400 கலோரி அளவுக்கு அது எரிந்து கொண்டுதான் இருக்கும். நடந்தால் இன்னும் அதிகம். ஓடினால் அதைவிட அதிகம்.

உடம்பில் மிகப் பெரிய செலவாளி யார் தெரியுமா? மூளை! எடையில் அது உடம்பில் 100-ல் 2 பங்குதான். செலவிலோ 100-ல் 20 பங்கு. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 120 கிராம் சர்க்கரையை அது ஒன்றே செலவழிக்கிறது. மணிக்கு 5 கிராம்.

ஒரு தேக்கரண்டிதான்!

இப்போது ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். வளர்ந்த மனிதரின் உடம்பில் ஓடும் ரத்தம் சுமார் 5 லிட்டர். அந்த 5 லிட்டரிலும் சேர்ந்து இருக்கிற சர்க்கரை எவ்வளவு? சுமார் 5 கிராம். ஒரு தேக்கரண்டி!

மூளை மட்டும் எடுத்துக் கொண்டாலே அது ஒரு மணி நேரத்துக்குத்தான் வரும். அப்படியிருந்தும் இரவு சாப்பிட்டுப் படுத்தவர் காலையில் நல்ல நினைவோடு எழுந்திருக்கிறார். ரத்தத்தைச் சோதித்தால் சர்க்கரை ஏறத்தாழ அதே அளவில் இருக்கிறது.

நம் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். சமையலறையில் ஒரு சின்ன அரிசிப் பானை இருக்கும். அறை மூலையில் நெல் கொட்டி வைத்த குதிர் இருக்கும். ஊருக்கு வெளியே நிலம் இருக்கும். அன்றாடம் எடுப்பது பானையிலிருந்து. பானை குறைந்தால் குதிரிலிருந்து நெல்லை எடுத்துக் குத்திப் பானையில் போடுவார்கள். குதிரும் குறைந்தால் நிலத்தை நம்ப வேண்டியதுதான்.

உடம்பிலும் அப்படியே. ரத்தம்தான் அரிசிப் பானை. ஈரல்தான் குதிர். அதில் ஏறத்தாழ 100 கிராம் சர்க்கரை, கிளைக்கோஜன் என்ற மாவுப் பொருளாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. தசைகளிலும் இதைப் போல் நாலு மடங்கு உண்டு. ஆனால் தசை, தன் சேமிப்பைத் தானே வைத்துக் கொள்ளும். ரத்தத்துக்குத் திருப்பித் தராது. கொழுப்புதான் நிலம். அது கிலோக் கணக்கில் இருக்கிறது.

பானை குறைகிறது என்று பார்ப்பதற்கும், குதிரைத் திற என்று சொல்வதற்கும் வீட்டில் ஒரு ஆள் வேண்டும் அல்லவா? அந்த ஆள் எங்கே இருக்கிறார்?

முயலின் தலையில் ஒரு குத்து

இந்தக் கேள்விக்கு முதல் துப்பு பிரான்ஸ் நாட்டில் கிடைத்தது. கிளாட் பெர்னார்டு என்ற விஞ்ஞானி பாரிஸ் நகரில் ஆராய்ச்சி செய்து வந்தார். சர்க்கரையே சேராத உணவைக் கொடுத்தாலும் பிராணிகளின் ஈரலிலிருந்து வரும் ரத்தத்தில் சர்க்கரை இருப்பதை 1848-ம் ஆண்டு அவர் கண்டுபிடித்தார். அதாவது, ஈரல் தானே சர்க்கரை தயார் செய்கிறது!

மறு வருஷம் அவர் இன்னொரு சோதனை செய்தார். ஒரு முயலின் மூளையின் அடிப்பாகத்தில், குறிப்பிட்ட ஓர் இடத்தில் ஊசியால் குத்தினார். கொஞ்ச நேரத்தில் அந்த முயலின் சிறுநீரில் சர்க்கரை இறங்கியது. முயல் இனிப்பு எதையும் தின்னவில்லை. கணையத்தை அவர் தொடவே இல்லை. குத்தியது தலையில். சர்க்கரை பெருகியது ரத்தத்தில்!

விஞ்ஞானிகள் வியந்து போனார்கள். சர்க்கரை வயிற்றுச் சமாசாரம் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தார்கள். மூளையிலிருந்து ஈரலுக்கு உத்தரவு போகிறது என்பது அன்று வெளிப்பட்டது. அந்த உத்தரவு போகும் கம்பிதான் நரம்பு.

இரு பாதி, ஓர் உருவம்

சங்கரன்கோவில் தல புராணம் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்வது எளிது.

சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்களுக்குள் ஒரு வழக்கு. சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா? வழக்கு அம்மனிடம் போயிற்று. அம்மன் தவம் இருந்தாள். இறைவன் ஒரு பாதி சங்கரனாகவும், ஒரு பாதி நாராயணனாகவும் ஒரே உருவில் காட்சி கொடுத்தார். யார் பெரியவர் என்ற கேள்விக்கே இடமில்லாமல் போயிற்று. ஆடித் தபசு அன்று நடப்பது இந்தக் காட்சிதான்.

நம் உடம்புக்குள்ளும் இப்படி இரு பாதியாக ஒரு நரம்பு ஏற்பாடு இருக்கிறது. கையை நீட்டு, காலை மடக்கு என்று நாம் நினைத்தபடி செய்யும் நரம்புகள் வேறு. இவை நம் நினைப்புக்கு அப்பாற்பட்டு, தாமாக வேலை செய்யும் நரம்புகள்.

ஒரு பாதிக்குப் பரிவு நரம்புகள் என்று பெயர். இவை செலவுக்காரர்கள். வேலை வந்தால், ஆபத்து வந்தால், குளிர் அடித்தால், பட்டினி நீண்டால் இவை முன்னால் வரும். இதயத்தை வேகமாக அடிக்கச் சொல்லும். ஈரலைப் பார்த்து, "குதிரைத் திற" என்று சொல்லும். கொழுப்பைப் பார்த்து, "கரைந்து வா" என்று சொல்லும். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியைத் தட்டி எழுப்பி, அட்ரினலின் என்ற ரசத்தை ரத்தத்தில் கலக்கச் செய்யும்.

மறு பாதிக்கு எதிர்ப்பரிவு நரம்புகள் என்று பெயர். இவை சேமிப்புக்காரர்கள். சாப்பிட்டு ஓய்வாக உட்காரும் நேரம் இவற்றின் நேரம். ஜீரணத்தை நடத்துவதும், கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைத்து, வந்த சர்க்கரையைக் குதிரில் சேர்க்கச் செய்வதும் இவற்றின் பொறுப்பு. இந்தக் கூட்டத்துக்குத் தலைமை வேகஸ் என்ற நீண்ட நரம்பு. மூளையிலிருந்து கிளம்பி, கழுத்து வழியாக இறங்கி, இதயம், வயிறு, குடல் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் கிளை விட்டுக் கொண்டு போகிறது.

செலவுக்காரர் பெரியவரா, சேமிப்புக்காரர் பெரியவரா? செலவு மட்டும் இருந்தால் உடம்பு எரிந்து போகும். சேமிப்பு மட்டும் இருந்தால் ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. இரண்டும் ஓர் உருவில் இருப்பதால்தான் உயிர் நிலைக்கிறது.

நரம்பு ஒன்றே எல்லாம் செய்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். ஹார்மோன் எனப்படும் சுரப்பி ரசங்களும் இந்த வேலையில் இருக்கின்றன. கணையம் தன்னைத் தொட்டு ஓடும் ரத்தத்தைத் தானே சோதித்துப் பார்த்து, சர்க்கரை ஏறினால் இன்சுலினையும், இறங்கினால் குளுக்ககானையும் அனுப்புகிறது. ஹார்மோன் தபால் போன்றது. ரத்தத்தோடு போய் மெதுவாகச் சேரும். நரம்பு டெலிபோன் போன்றது. எடுத்தவுடன் பேச்சு! தபாலாபீசுக்கே டெலிபோன் செய்து, இன்று இவ்வளவு கடிதம் அனுப்பு என்று சொல்லும் அதிகாரமும் நரம்புக்கு உண்டு.

ஆடிச் சுற்று சுற்றும் அம்மாளின் உடம்பில் நடப்பது இதுதான். அவர் வேகமாக நடக்கத் தொடங்கியதும் பரிவு நரம்புகள் விழித்துக் கொள்கின்றன. இன்சுலின் குறைகிறது. ஈரல் சர்க்கரையை விடுகிறது. கொழுப்பு கரைகிறது. தசைகள் அந்தக் கொழுப்பை எரித்துக் கொண்டு, சர்க்கரையை மூளைக்கு மிச்சம் வைக்கின்றன. ஒரு நாள் முழுப் பட்டினியில் ஈரலின் குதிர் பெரும்பாலும் காலியாகிவிடும். அப்போதும் ஈரல் சும்மா இருப்பதில்லை. புரதம் முதலிய வேறு பொருள்களிலிருந்து புதிதாகச் சர்க்கரை செய்து கொடுக்கிறது.

ஆடாதவருக்கும் சர்க்கரை!

பயந்தாலும், பரபரப்படைந்தாலும்கூட இந்தச் செலவுக்காரர்கள் கிளம்பி விடுவார்கள். இதை அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் வால்டர் கேனன் என்ற பேராசிரியர் நிரூபித்தார்.

1913-ம் ஆண்டு. அந்தப் பருவத்தின் கடைசிக் கால்பந்துப் பந்தயம். ஜெயிப்பதா, தோற்பதா என்று எல்லோருக்கும் நெஞ்சு படபடத்தது. பந்தயம் முடிந்த உடனே ஹார்வர்டு கோஷ்டியைச் சேர்ந்த 25 பேருடைய சிறுநீரைச் சோதித்தார்கள். 12 பேருக்குச் சர்க்கரை இருந்தது! இவர்கள் சர்க்கரை வியாதிக்காரர்கள் அல்ல. நல்ல திடகாத்திரமான வாலிபர்கள்.

இன்னும் கேளுங்கள். அந்த 12 பேரில் 5 பேர் மைதானத்தில் இறங்கவே இல்லை. தேவைப்பட்டால் ஆடுவதற்காக ஓரத்தில் உட்கார வைக்கப்பட்டிருந்தவர்கள்! ஆடாமல் பார்த்துக் கொண்டிருந்ததிலேயே அவர்களுடைய நரம்புகள் ஈரலைத் திறந்து விட்டன. எந்த நேரமும் ஓட வேண்டியிருக்கும் என்று விறகை அடுக்கி வைத்து விட்டன.

காட்டில் வாழ்ந்த மனிதனுக்கு இது உயிர் காத்த ஏற்பாடு. புலி வந்தால் யோசித்துக் கொண்டிருக்க நேரமில்லை. சர்க்கரை தயாராக இருந்தால்தான் ஓட முடியும். இன்று புலி வருவதில்லை. பரீட்சை வருகிறது. கடன்காரர் வருகிறார். நரம்புக்கு வித்தியாசம் தெரியாது. அது குதிரைத் திறந்து விடுகிறது. ஓட்டமும் இல்லை, சண்டையும் இல்லை. வெளியே வந்த சர்க்கரை ரத்தத்தில் நிற்கிறது. கவலையும் தூக்கமின்மையும் சர்க்கரை வியாதியை மோசமாக்கும் என்று டாக்டர்கள் எச்சரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உடம்பின் உள்நிலை இப்படிச் சீராகக் காக்கப்படுவதற்கு 1926-ம் ஆண்டு கேனன் ஒரு பெயர் வைத்தார். "ஹோமியோஸ்டாசிஸ்" என்ற அந்தப் பெயரைத்தான் உலகமெங்கும் இன்றும் டாக்டர்கள் சொல்கிறார்கள். நாம் "உடலின் சமநிலை" என்று சொல்லலாம்.

பசிக்கு ஓர் இடம்

உத்தரவு எல்லாம் எங்கிருந்து புறப்படுகிறது? மூளையின் அடியில், நடுவில், பாதாம் பருப்பு அளவே உள்ள ஓர் இடம் இருக்கிறது. ஹைபோதாலமஸ் என்று அதற்குப் பெயர். உடம்புச் சூடு, தாகம், பசி, தைராய்டு சுரப்பியின் வேகம் ஆகிய இவ்வளவையும் கவனிக்கிற தலைமைக் காரியாலயம் அதுதான்.

இந்த ஆராய்ச்சியில் இந்தியர் ஒருவருக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் டாக்டர் பால் கிருஷ்ண ஆனந்த். அமெரிக்காவில் யேல் பல்கலைக் கழகத்தில் ஜான் புரோபெக் என்பவரோடு சேர்ந்து அவர் ஆராய்ந்தார். எலிகளின் ஹைபோதாலமஸில், இரு பக்கங்களிலும் ஒரு சிறு இடத்தை மட்டும் அழித்தார்கள். எலிகள் சாப்பிடுவதையே நிறுத்தி விட்டன. எதிரே தீனி இருந்தது. வாயிருந்தது, வயிறிருந்தது. பசி மட்டும் இல்லை! தீனியின் நடுவிலேயே அவை பட்டினி கிடந்தன. 1951-ம் ஆண்டு இந்த ஆராய்ச்சி வெளிவந்தது. உலகெங்கும் உடலியல் மாணவர்கள் அதைப் படித்தார்கள்.

பசி வயிற்றில் பிறக்கிறது என்று நாம் நினைக்கிறோம். வயிறு சேதி அனுப்புகிறது, உண்மைதான். ஆனால் அந்தச் சேதியைக் கேட்டு, "சாப்பிடு" என்று உத்தரவு போடுவது மூளைதான். பின்னால் வந்த ஆராய்ச்சிகள், பசியை நடத்துவது ஓர் இடம் மட்டும் அல்ல, பல இடங்கள் கூடிய ஒரு வலை என்று காட்டியிருக்கின்றன. ஆனந்த் காட்டிய இடம் அந்த வலையில் ஒரு முக்கியமான முடிச்சு.

பெட்டிக்குள் யோகி

1956-ம் ஆண்டு டில்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் தோன்றியது. எய்ம்ஸ் என்று இன்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அங்கே உடலியல் பேராசிரியராக இருந்த ஆனந்த், நம் நாட்டுக்கே உரிய ஒரு கேள்வியை எடுத்துக் கொண்டார். தவம் செய்கிறவர்கள் உடம்பின் அடுப்பைத் தணிக்க முடியும் என்கிறார்களே, அது உண்மைதானா?

ராமானந்த யோகி என்பவர் சோதனைக்கு முன்வந்தார். காற்றுப் புகாத பெட்டி ஒன்று தயாரானது. அதற்குள் யோகி உட்கார்ந்தார். பெட்டி மூடப்பட்டது. உள்ளே பிராணவாயு எவ்வளவு குறைகிறது என்று வெளியிலிருந்து கருவிகள் அளந்தன. எவ்வளவு பிராணவாயு செலவாகிறதோ, அவ்வளவு அடுப்பு எரிகிறது என்று அர்த்தம்.

சும்மா ஓய்வாக இருக்கும்போது அவருக்குத் தேவைப்பட்ட அளவை முன்பே அளந்து வைத்திருந்தார்கள். பெட்டிக்குள் அவர் அதைவிடக் கணிசமாகக் குறைந்த பிராணவாயுவோடு மணிக் கணக்கில் இருந்தார்! சீனா, பல்தேவ் சிங் ஆகிய சக ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து ஆனந்த் இதை 1961-ம் ஆண்டு மருத்துவ ஆராய்ச்சிச் சஞ்சிகையில் வெளியிட்டார்.

அடுப்பு அணையவில்லை என்பதைக் கவனியுங்கள். தணிந்தது, அவ்வளவுதான். மந்திரம் எதுவும் நடக்கவில்லை. மனம் அமைதியாகி, செலவுக்கார நரம்புகள் அடங்கினால், உடம்பின் செலவும் குறைகிறது. நம் கட்டுப்பாட்டில் இல்லை என்று நாம் நினைக்கும் நரம்புகளை, நீண்ட பயிற்சியால் ஓரளவு வசப்படுத்த முடியும் என்பதைத்தான் அந்தச் சோதனை காட்டியது. பயிற்சி இல்லாதவர்கள் இதைச் செய்து பார்க்க ஒருபோதும் துணியக் கூடாது. மூடிய பெட்டியில் காற்றில்லாவிட்டால் உயிர் போய்விடும்.

வாசனை வந்தாலே போதும்!

விரதம் முடியும் நேரம். சர்க்கரைப் பொங்கல் வாசனை வருகிறது. நாக்கில் நீர் ஊறுகிறது. இன்னும் ஒரு பருக்கைகூட வாயில் போகவில்லை. ஆனால் சேமிப்புக்கார நரம்புகள் அதற்குள் வேலைக்கு வந்து விட்டன!

ரஷ்யாவில் இவான் பாவ்லோவ் என்ற மேதை நாய்களை வைத்து இதை ஆராய்ந்தார். நாய் தின்ற தீனி வயிற்றுக்குப் போகாமல் கழுத்து வழியாகவே வெளியே விழுந்துவிடும்படி ஏற்பாடு செய்தார். வயிற்றுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. ஆனாலும் வயிற்றில் ஜீரண ரசம் சுரந்தது. வேகஸ் நரம்பை வெட்டியதும் அது நின்று விட்டது. வாய் கண்ட ருசியை வயிற்றுக்குச் சொன்னது நரம்புதான் என்பது தெளிவாயிற்று. 1904-ம் ஆண்டு பாவ்லோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இன்சுலினும் இப்படியே. சாப்பாட்டின் ருசி தெரிந்தவுடன், ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதற்கு முன்பே, வேகஸ் நரம்பு கணையத்தைத் தட்டிக் கொஞ்சம் இன்சுலினை விடச் சொல்கிறது. விருந்தாளி தெருமுனையில் வரும்போதே வீட்டில் பாய் விரித்து வைப்பது போல! ஆற அமர, மென்று, ருசித்துச் சாப்பிடு என்று பெரியவர்கள் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது.

அபாய மணி

இவ்வளவு அருமையான காவலர்கள் இருந்தும் சில சமயம் பானையில் சர்க்கரை மிகவும் குறைந்து விடுவது உண்டு. முக்கியமாக, சர்க்கரை வியாதிக்காக இன்சுலின் போட்டுக் கொள்கிறவர்களுக்கும், சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இது நேரும். மருந்து சர்க்கரையை இறக்கிக் கொண்டே இருக்கும். சாப்பாடு வராது. அப்போது நரம்பு அபாய மணி அடிக்கிறது.

கை நடுங்கும். குப்பென்று வியர்க்கும். நெஞ்சு படபடக்கும். வயிற்றைக் கிள்ளும் பசி. இவை நோய் அல்ல. "பானை காலியாகிறது, உடனே ஏதாவது சாப்பிடு" என்று பரிவு நரம்புகள் போடும் கூச்சல்! அதைக் கேட்காவிட்டால் அடுத்து மூளையே தடுமாறும். பேச்சுக் குழறும். ஆள் அடையாளம் தெரியாது. கடைசியில் நினைவு தப்பும்.

நெடுநாள் சர்க்கரை வியாதியில் இன்னொரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. பல வருஷங்கள் சர்க்கரை ஏறியே இருந்தால், அது இந்த நரம்புகளையே அரித்து விடுகிறது. அடிக்கடி சர்க்கரை இறங்கிப் போகிறவர்களுக்கும் அந்த மணியின் ஓசை மங்கிப் போகும். ரத்தக் கொதிப்புக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் சில மருந்துகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்து விடும். அப்போது முன்னறிவிப்பே இல்லாமல் மனிதர் சாய்ந்து விடுவார். திருடன் வந்தும் நாய் குரைக்காத வீடு போல.

இது எங்கோ சிலருடைய கவலை அல்ல. 2023-ம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெரிய ஆய்வின் கணக்குப்படி, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது. உங்கள் தெருவிலும் இருக்கிறது. உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்.

ஒரு காலத்தில் இந்த வியாதி வந்தால், அதுவும் குழந்தைகளுக்கு வந்தால், பிழைப்பு இல்லை. 1921-ம் ஆண்டு கனடாவின் டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்ற இருவர் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன் முதலாகப் போடப்பட்டது. சிறுவன் பிழைத்தான். சென்னையில் 1948-ம் ஆண்டு ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன், சர்க்கரை வியாதிக்கென்றே ஒரு தனிப் பகுதியைத் தொடங்கினார். இந்தியாவிலேயே அதுதான் முதல். இன்று மருந்துக்குக் குறைவில்லை. மருந்தையும் சாப்பாட்டையும் நரம்பின் எச்சரிக்கையையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் விவரம்தான் வேண்டும்.

விரதம் இருப்போர் கவனிக்க

தெம்புள்ளவர்கள் ஒரு நாள் விரதம் இருப்பதில் பெரும்பாலும் கெடுதல் இல்லை. ஆடி வெயிலிலும் காற்றிலும் சுற்றுகிறவர்கள் தண்ணீர் குடிக்க மறக்கக் கூடாது. பட்டினியைத் தாங்க உடம்பில் குதிர் இருக்கிறது. தண்ணீருக்கு அப்படி ஒரு குதிர் கிடையாது.

சர்க்கரை வியாதிக்காரர்கள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் விரதம் இருக்க வேண்டாம். விழாவுக்குச் சில வாரங்கள் முன்பே கேட்பது நல்லது. மருந்தின் அளவையும் நேரத்தையும் அவர்தான் மாற்றிச் சொல்ல வேண்டும். விரதம் என்பதற்காக இன்சுலினை நாமாகவே நிறுத்துவதும் ஆபத்து. சாப்பிடாமல் வழக்கமான அளவைப் போட்டுக் கொள்வதும் ஆபத்து.

நடுக்கமோ, வியர்வையோ, படபடப்போ வந்தால் அந்த நிமிஷமே உட்காருங்கள். ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் தாமதம் கூடாது. சோதித்துப் பார்க்கக் கருவி இல்லையென்றால், இறங்கி விட்டது என்றே வைத்துக் கொள்ளுங்கள். மூன்று நாலு தேக்கரண்டி சர்க்கரையையோ குளுகோசையோ தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிஷத்தில் சரியாகாவிட்டால் மறுபடி குடியுங்கள். பிறகு ஆகாரம் சாப்பிடுங்கள்.

நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள். புரை ஏறி மூச்சு அடைத்துவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-க்கு டெலிபோன் செய்யுங்கள்.

வீட்டில் ஒருவருக்கு இந்த வியாதி இருந்தால், மற்றவர்களும் இந்த அடையாளங்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மணி ஓசை மங்கிப் போனவருக்கு, பக்கத்தில் இருப்பவரின் கண்தான் மணி. "ஏன் இப்படி வேர்க்கிறது? ஏன் பேச்சு ஒரு மாதிரியாக இருக்கிறது?" என்று மனைவியோ மகனோ கேட்கும் ஒரு கேள்வி ஓர் உயிரைக் காப்பாற்றி விடும்.

விரதத்தைப் பாதியில் விட்டால் தெய்வக் குற்றமாகி விடுமே என்று சிலர் பயந்து, கை நடுங்க நடுங்கச் சுற்றிக் கொண்டே இருப்பார்கள். அம்மன் தவம் இருந்தது பிள்ளைகளின் சண்டையைத் தீர்த்து வைப்பதற்காக. பிள்ளைகள் மயங்கி விழுவதைப் பார்ப்பதற்காக அல்ல. மடியில் ஒரு பொட்டலம் சர்க்கரையை முடிந்து கொண்டு சுற்றுங்கள். நரம்பு கூப்பிட்டால், நின்று, வாயில் போட்டுக் கொள்ளுங்கள்.